போர்வெல் தண்ணீரும் கீசரும்: எதற்குக் காசு செலவழிக்கலாம்?

கேப் டவுனில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கெட்டிலில் உப்புப் பிடிக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அங்கே மலைப்பகுதி அணைகளின் தண்ணீர் அவ்வளவு மென்மை. குழாயை அரித்துவிடாமல் இருக்கச் சுண்ணாம்பு சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். டர்பனிலும் பெரிய புகார் இல்லை. பிரிட்டோரியா பக்கம் லாடியம், சென்சூரியன் என்று வந்தால் நிலத்தடியில் டோலமைட் பாறை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் கலந்த கார்பனேட். வால் அணையிலிருந்து ராண்ட் வாட்டர் என்ற குடிநீர் நிறுவனம் அனுப்பும் தண்ணீர் அப்படியொன்றும் மோசமில்லை. தண்ணீர் வெட்டுக்குப் பயந்து போர்வெல் போட்டவர்கள்தான் இப்போது வெள்ளைப் படிவோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் சோதனைப் பட்டை ஒன்று வாங்கித் தண்ணீரைப் பாருங்கள். கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தைச் சுண்ணாம்புக் கணக்கில் சொல்லும் அளவு, லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் மென்னீர். 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம். பட்டை கிடைக்காவிட்டால் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் சோப்புச் சீவலும் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரி மிதந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

பச்சைத் தண்ணீர் குழாய் முனையில் கறை வைக்கும், அவ்வளவுதான். சூடாகும்போது கரைந்திருக்கும் பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. 60 டிகிரிக்கு மேல் போகப் போக வேகமும் கூடுகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினமுள்ள தண்ணீர் 150 லிட்டர் கீசரில் ஒரு தடவை நிரம்பினால் உள்ளே வருவது 45 கிராம் சுண்ணாம்பு. எல்லாமே படியாது, ஆனால் படிகிற பங்கு பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல்தான் ஒட்டும். காயில் தன் சூட்டைத் தண்ணீருக்கு விட முடியாமல் தானே வெந்து எரிந்துபோகும்.

அதனால் என் முதல் ஓட்டு, அதிகக் காசு கேட்காத வழிக்கு. கீசர் 70-இல் இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 60-க்கு இறக்கச் சொல்லுங்கள். அதற்கும் கீழே வேண்டாம், லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்துவிடும். அவர் வந்த கையோடு தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகும் மக்னீசியம் ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லலாம். கெட்டிலுக்கு வினிகர் போதும்: சம அளவு தண்ணீர் கலந்து சூடாக்கி, அரைமணி நேரம் விட்டால் அடியில் இருக்கும் ஓடு பொரபொரவென்று நுரைத்துக் கழன்று வரும். வாஷிங் மெஷினுக்கு மட்டும் சிட்ரிக் ஆசிட். வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பர் கெடும். இரண்டில் எதையும் ஜிக் போன்ற ப்ளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

வாஷிங் மெஷினிலும் வித்தியாசம் உண்டு. பச்சைத் தண்ணீரில் ஓடும் டாப் லோடருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, சோப்புத்தூள்தான் கூடுதலாகப் போகும். தானே தண்ணீரைச் சூடாக்கும் ஃப்ரண்ட் லோடருக்குள் காயில் இருக்கிறது. 40 டிகிரியில் துவைத்தாலே அதன் ஆயுள் கூடும்.

தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி என்பது வேறு கணக்கு. ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. பிடித்ததைக் கழுவித் தள்ள அவ்வப்போது கல்லுப்பு போட வேண்டும். வேலை செய்கிறதா என்றால் நிச்சயம் செய்கிறது, குளிக்கும்போதே தெரியும். ஆனால் 300 மில்லிகிராம் தண்ணீரை முழுக்க மென்மையாக்கினால் லிட்டருக்குச் சுமார் 138 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. வீட்டில் பி.பி. உள்ளவர்கள் இருந்தால் சமையலறைக் குழாயைத் தனியாக விட்டுவிடச் சொல்லுங்கள். ரெசினைக் கழுவும் உப்புநீர் தோட்டத்துக்கு ஆகாது, கறிவேப்பிலைச் செடி முதலில் சாகும். கீசரின் மக்னீசியம் கம்பியும் சீக்கிரம் கரையும். வீடு முழுக்க போர்வெல்லை நம்பி, பட்டையும் 180-க்கு மேல் காட்டினால் இதை வாங்கலாம். முனிசிபல் தண்ணீருக்கு இது வீண் செலவு.

குழாயைச் சுற்றி மாட்டும் காந்தக் கருவி, எலெக்ட்ரானிக் கம்பிச்சுருள் வகையறா தண்ணீரிலிருந்து ஒரு துளி கால்சியத்தைக்கூட எடுப்பதில்லை. படிவு ஒட்டாது என்பது விற்பவர் வாக்கு. சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. நான் வாங்க மாட்டேன்.

ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியில் பிடிக்கும் மழைநீர் கிட்டத்தட்ட கடினமே இல்லாதது. துணி துவைக்கவும், கொதிக்கவைத்து ஆறிய பின் நீராவி அயர்ன்பாக்ஸில் ஊற்றவும் அருமை. சிக்கல் என்னவென்றால் இங்கே மழை கோடையில்தான். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வானம் வறண்டு கிடக்கும், அதற்குள் தொட்டி காலி.

அப்புறம் ஆர்.ஓ., தண்ணீரை நுண்சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் மெஷின். இது சமையலறைக்கு மட்டும். வீட்டு கீசருக்கு இதைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், பயனில்லை. சாதாரண ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடும், அதைப் பிடித்து வைத்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் சமையலில் இதன் பலன் உடனே தெரியும். கடினநீரில் கொண்டைக்கடலை எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றே இருக்கும், கால்சியம் தோலின் பெக்டினை இறுக்கிவிடுகிறது. கறுப்புத் தேநீரின் மேல் படலம் மிதப்பதும் அதே தண்ணீரால்தான். இதற்காக மெஷின் வாங்கத் தோன்றாதவர்கள் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை முனிசிபல் குழாயில் பிடித்து வைத்து, பருப்பை அதில் ஊறப்போடலாம்.