அரையைக் கூட்டுவதா, ஃபிர்த் முறையா?

அம்பாசமுத்திரம் பக்கம் 20 நெல் வயல்கள் என்று வைத்துக்கொள்வோம். விதை நேர்த்தி செய்த 10 வயல்களில் ஒன்றிலும் குலைநோய் இல்லை. செய்யாத 10-இல் 4. நோய் வந்தவை, வராதவை என்ற விகிதத்தை இரு பக்கமும் கண்டு, நேர்த்தி செய்ததை செய்யாததால் வகுத்தால் வருவது வாய்ப்பு விகிதம் (odds ratio). இங்கே அது பூஜ்யம், அதன் மடக்கை மைனஸ் முடிவிலி. இதை அப்படியே விவசாயியிடம் கொடுப்பது தப்பு.

நேர்த்தி செய்தது, செய்யாதது; நோய் வந்தது, வராதது என்று அட்டவணை போட்டால் வரும் நான்கு கட்டத்திலும் அரையை (0.5) கூட்டும் ஹால்டேன்-ஆன்ஸ்கோம் முறையில் விகிதம் சுமார் 0.07. கையாலேயே போட்டுவிடலாம். ஆனால் 95% நம்பிக்கை இடைவெளி 0.003-இல் தொடங்கி 1.5 வரை போகிறது; 1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள், அதுவும் இதற்குள் அடங்குகிறது. அதையும் கட்டாயம் சேர்த்தே எழுதுங்கள்.

புள்ளியியலாளர் டேவிட் ஃபிர்த் 1993-இல் தந்த, மதிப்பீட்டின் சாய்வைக் குறைக்கும் முறையும் இந்த அட்டவணைக்கு அதே விடையைத்தான் தரும். அப்புறம் அது எதற்கு? நெல் ரகம், தலைமடையா கடைமடையா என்று காரணிகள் சேர்ந்தால் கட்டங்கள் பெருகி, ஒவ்வொன்றிலும் சில வயல்களே மிஞ்சும். அங்கே ஃபிர்த்தைத்தான் நம்புவேன்.