பரஸ்பர விவாகரத்துக்கு வக்கீலிடம் 65,000 கொடுத்தோம், கோர்ட்டில் வழக்கே இல்லை

நேற்று மதியம்தான் தெரிந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து முன்பின் இருக்கும். குடும்ப வழக்குக்கு வக்கீல் தேடுகிறவர்கள் முழுசாகப் படியுங்கள். என்ன செய்யணும் என்று கடைசியில் சொல்கிறேன்.

வக்கீல் பெயர் போடவில்லை. மாவட்டக் கோர்ட்டுக்கு எதிரே மாடி ஆபீஸ், வாசலில் ‘விவாகரத்து வழக்குகள்’ என்று பெரிய பலகை. இன்ன வழக்கில் நிபுணர் என்று பலகை வைப்பதே பார் கவுன்சில் (வக்கீல்களைக் கண்காணிக்கும் அமைப்பு) விதிப்படி கூடாதாம். அப்போது யாருக்குத் தெரியும்?

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் பிரிந்து மூன்று வருஷம். நகை, சாமான் எல்லாம் பேசி முடித்தாயிற்று. “நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா நீ. கோர்ட் வாசலை மிதிக்க வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் வந்தா போதும்” என்றார் வக்கீல். அந்தப் பேச்சில்தான் விழுந்தோம். வக்காலத்தில் (நமக்காக வாதாட வக்கீலுக்கு அனுமதி தரும் தாள்), மனுவின் ஒவ்வொரு பக்கத்தில் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். 40,000 ரொக்கம். டைப்பிங், ஸ்டாம்ப், நோட்டரி என்று 10,000 குமாஸ்தாவின் ஜிபேக்கு. இரண்டாவது மோஷனுக்கு (ஆறு மாதம் கழித்து இருவரும் கோர்ட்டில் மறுபடி சம்மதம் சொல்வது) என்று பிறகு 15,000. மொத்தம் 65,000, ஒரு துண்டு ரசீது இல்லை.

ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதற்கான இந்து திருமணச் சட்டம் 13பி-யில் மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்கணும். அந்த ஆறு மாதமும் யாரும் வாய்தா கேட்க மாட்டார்கள், கோர்ட் பக்கம் போக மாட்டார்கள். மனு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று கட்சிக்காரருக்குத் தெரியவே தெரியாது. எங்களிடம் ஒரு எஸ்.ஆர். நம்பரைக் கொடுத்து “இதுதான் கேஸ் நம்பர்” என்றார். எஸ்.ஆர். நம்பர், தாளை வாங்கிக்கொண்டதற்கான எண், அவ்வளவுதான். மனுவைச் சரிபார்த்துக் கோப்பில் ஏற்றிய பிறகுதான் ஹெச்.எம்.ஓ.பி. அல்லது ஓ.பி. என்கிற உண்மையான வழக்கு நம்பர் விழும்.

இன்னொன்று. அந்த ஆறு மாதத்தையே தள்ளுபடி செய்யச் சொல்லி மனு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. பிரிந்து ஒன்றரை வருஷம் தாண்டியிருக்கணும், சமரசம் பலிக்காமல் போயிருக்கணும், ஜீவனாம்சம், பிள்ளை விஷயம் எல்லாம் தீர்ந்திருக்கணும். மூன்று வருஷம் ஆனவர்களிடம் இதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்து கேட்டால் “கோடை லீவு தம்பி”. பிறகு “ஜட்ஜ் மாறிட்டார், இன்சார்ஜ் கோர்ட்தான்”. பிறகு “பாய்காட் நடக்குது”. பிறகு போனை குமாஸ்தாதான் எடுத்தார்: “சார் ஆர்கியுமெண்ட்ல இருக்கார்ணே.” நேற்று ஆபீசிலேயே உட்கார்ந்துவிட்டோம். குமாஸ்தா கேஸ் கட்டை உருவிக் கொடுத்தார். மேல்தாளில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: பிரிந்து வாழத் தொடங்கிய தேதி இல்லை, கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த முகவரி இல்லை, 7 நாளில் சரிசெய்து தரவும். தாக்கல் செய்த ஒன்பதாம் நாளே ரிட்டர்ன் ஆன மனு. இரண்டு வரி திருத்தம். அதைக்கூடச் செய்யாமல் ஒன்பது மாதம் அலமாரியில். எந்த மோஷனுக்கு அந்த 15,000?

பணத்தைக் கேட்டால், “என்.ஓ.சி. வேணும்னா இன்னும் 20,000 வையுங்க” என்கிறார். வேறு வக்கீல் வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று இவர் எழுதித் தருவதுதான் என்.ஓ.சி. ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக்கூட வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது, உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொன்னது. நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது. 2024 மே மாதம் வந்த தீர்ப்பு வக்கீல்களை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. மாநில பார் கவுன்சிலில் வழக்கறிஞர் சட்டம் 35-ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த 65,000 அதில் திரும்பி வரும் என்று நம்பிக்கை இல்லை.

சொன்னேனே, செய்ய வேண்டியது. மனு போட்ட ஒரு மாதத்துக்குள் சி.என்.ஆர். நம்பர் (ஒவ்வொரு வழக்குக்கும் விழும் தனி அடையாள எண்) கேளுங்கள், எழுத்தும் எண்ணுமாக 16 இருக்கும், இ-கோர்ட்ஸ் ஆப்பில் நீங்களே போட்டுப் பாருங்கள். தராவிட்டால் நேராக கோர்ட் ஃபைலிங் பிரிவுக்குப் போங்கள். மனுவின் நகல் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குமாஸ்தா நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100. 65,000 போன பிறகுதான் இந்த நம்பரே எங்களுக்குத் தெரிந்தது.