பெப்பர்மின்ட் எக்ஸ்ட்ராக்டா, ஆயிலா? சில கிறிஸ்துமஸ்களின் அனுபவம்

வீட்டுப் பிள்ளைகளுக்காக கிறிஸ்துமஸ் சமயத்தில் பெப்பர்மின்ட் போட்ட குக்கீஸ், மெரிங் (முட்டை வெள்ளையைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் சுடுவது), சாக்லேட் பட்டை என்று சில வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். ரெசிபி எதுவானாலும் பரவாயில்லை, புதினா வாசனையை எந்த வடிவத்தில், எந்த நேரத்தில் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எக்ஸ்ட்ராக்ட் என்பது பெப்பர்மின்ட் எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்தது. ஆயில் என்பது அந்த எண்ணெயேதான், காட்டம் பல மடங்கு. குக்கீஸ் மாவுக்கு எக்ஸ்ட்ராக்ட் நல்லது. 2 கப் மைதாவுக்கு அரை டீஸ்பூன் போதும், கூடவே 1 டீஸ்பூன் வெனிலாவும் போட்டுவிடுங்கள். வெனிலா இல்லாவிட்டால் டூத்பேஸ்ட் தின்கிற மாதிரி இருக்கும். பெரியவர்கள் மரியாதைக்கு ஒன்றை விழுங்கிவிடுவார்கள், பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிடுவார்கள். சின்னவர்கள் "காரமா இருக்கு" என்றால் அது அடம் இல்லை. குளிரை உணர்கிற அதே நரம்பு ஏற்பியைத்தான் மென்தாலும் தூண்டுகிறது, அளவு கூடினால் வாய் எரியத்தான் செய்யும்.

மெரிங் என்றால் ஆயில் பாட்டில் பக்கமே போக வேண்டாம். எண்ணெய் பட்டால் முட்டை வெள்ளையின் நுரை அமுங்கிவிடும். நுரை நன்றாக விறைத்து நின்ற பிறகு, கடைசியில் எக்ஸ்ட்ராக்ட் கொஞ்சம் விட்டு, 100 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்து, ஓவனை அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிட்டால் மொறுமொறுவென்று வரும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் மட்டும் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

சாக்லேட்டில் கதை நேர் எதிர். எக்ஸ்ட்ராக்டில் தண்ணீரும் இருக்கும், அது உருக்கிய சாக்லேட்டில் பட்டதும் வழவழப்பு போய்த் திரிதிரியாக இறுகிவிடும். அங்கே ஆயில்தான், 250 கிராம் ஒயிட் சாக்லேட்டுக்கு 2 துளி. அதுவும் சமையலுக்கு என்று போட்டிருக்கிற ஆயில், வாசனைக்காக அறையில் வைக்கிறது இல்லை.

கேன்டி கேன் என்கிற சிவப்பு வெள்ளை பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சியை உடைத்து மாவுக்குள் கலக்கச் சொல்லும் ரெசிபிகளை நான் நம்புவதில்லை. ஓவன் சூட்டில் அது உருகி, ஓரத்தில் வழிந்து, தட்டோடு பாகாக ஒட்டிக்கொள்ளும். குக்கீஸ் ஆறியதும் பாதியை உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து, அது உறைவதற்குள் தூவினால் போதும். கேன்டியைத் தடித்த கவரில் போட்டுப் பூரிக்கட்டையால் தட்டுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை, அடுப்படிப் பக்கம் அவர்களைக் கொண்டுவர அது ஒன்றே போதும்! தட்டியதைச் சல்லடையில் சலித்துவிடுங்கள். மேலே நிற்கும் துண்டுகள் பெரிய பிள்ளைகளின் குக்கீஸுக்கு, கீழே விழும் இளஞ்சிவப்புத் தூள் 4 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, ஏனென்றால் கெட்டியான மிட்டாய்த் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். மீந்த தூளைச் சூடான சாக்லேட் பாலில் போட்டால் அதற்குத் தனி அடிதடி நடக்கும்.

கேன்டி தூவியது அடுத்த நாளே ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்க ஆரம்பிக்கும், அதனால் குக்கீஸை முன்கூட்டியே சுட்டு வைத்தாலும் தோய்த்துத் தூவுவதைக் கொடுக்கிற அன்றைக்கு வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, பெப்பர்மின்ட் வாசனை எதிலும் ஏறும். இஞ்சி பிஸ்கட்டோடு ஒரே டப்பாவில் போட்டால் மறுநாள் இரண்டுமே புதினாதான். பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கான் விரிப்பும் எத்தனை கழுவினாலும் வாசனையை விடுவதாக இல்லை, இப்போது கண்ணாடி ஜாடியும் பட்டர் பேப்பரும்தான். எக்ஸ்ட்ராக்ட் பாட்டிலை மூடி இறுக்கி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்தால் அடுத்த டிசம்பருக்கும் ஆகிறது.