சனிக்கிழமை ராத்திரி எந்தக் கார் நம்மைத் தூங்கவிடும்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, நாலு நண்பர்கள் சேர்ந்து ரேஸ் ஓட்டலாம் என்று முடிவாகிவிட்டால், உடனே எல்லாரும் கேட்பது "எது வேகம்?" என்பதைத்தான். நாங்களும் அங்கிருந்துதான் ஆரம்பித்தோம். இப்போது யாராவது யோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்பது வேறு. சனிக்கிழமை பிராக்டிஸில் ஏதோ போய்விட்டது, ஞாயிறு காலை ரேஸ், கையில் ஒரு டூல் பாக்ஸ், ஒரு ஜாக்கி, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய மூன்று பேர். இந்த லட்சணத்தில் எந்தக் கார் மறுநாள் கிரிட்டில், அதாவது ரேஸ் தொடங்கும் வரிசையில், போய் நிற்கும்?

நாலு கார்களை எடுத்துக்கொள்கிறேன். 1962-இல் வந்த எம்ஜிபி, அதே ஆண்டு வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1963-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ கியூலியா ஜிடி, 1969-இல் வந்த டாட்சன் 240இசட். இதில் இரண்டை நாங்களே ஓட்டியிருக்கிறோம், மற்ற இரண்டில் பக்கத்து டீமுக்கு உதவப் போய்க் கையைக் கருப்பாக்கிக்கொண்டிருக்கிறோம். அதனால் என் தீர்ப்பில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. முதல் ஸ்பிட்ஃபயரில் இருந்தது 1147 சிசி, 63 குதிரைத் திறன். எம்ஜிபியில் 1798 சிசி, 95. ஆல்ஃபா 1570 சிசியிலேயே நூறைத் தாண்டியது. 240இசட் 2393 சிசி, ஆறு சிலிண்டர், தயாரிப்பாளர் கணக்கில் 150-ஐ ஒட்டி. ஆனால் எடையும் அதே வரிசையில்தான் ஏறுகிறது. ஸ்பிட்ஃபயர் சுமார் 700 கிலோ, 240இசட் ஆயிரத்துக்கு மேல். பிரேக் பேடும் டயரும் தேயும் வேகத்தை நிர்ணயிப்பது இந்த எடைதான், அந்தத் தேய்மானக் கணக்கை விளம்பரப் புத்தகத்தில் யாரும் போடுவதில்லை.

சரி, டேப்பெட்டில் (வால்வுகளைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே விட வேண்டிய சின்ன இடைவெளியில்) இருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் பார்த்தே ஆக வேண்டிய வேலை அது. எம்ஜிபியில் மூடியைக் கழற்றினால் வால்வை அழுத்தித் திறக்கும் எட்டு ராக்கர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்குரூ, ஒரு லாக் நட். இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். காரை டாப் கியரில் போட்டு ஒருவர் மெல்லத் தள்ள வேண்டும், ஒன்றாம் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது எட்டாவதைச் சரிசெய்ய வேண்டும், இரண்டாவது திறந்தால் ஏழாவது, எப்போதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இதை ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும், ஸ்பானர் பிடித்தே பழக்கமில்லாத ஆள்கூட இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார். ஸ்பிட்ஃபயரிலும் இதே கதைதான். 240இசட்டில் பன்னிரண்டு வால்வு, வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, ஆனாலும் ஸ்குரூவும் லாக் நட்டும்தான், கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவே.

ஆல்ஃபாவுக்கு வாருங்கள். தலைக்கு மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், வாளி மாதிரி கவிழ்ந்திருக்கும் டேப்பெட்டுகள், அவற்றுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள். எட்டு இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும், எது தப்பு என்று தெரிந்தபின் கேம்ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும், பழைய ஷிம்மை மைக்ரோமீட்டரில் அளந்து, கணக்குப் போட்டு, சரியான கனத்தில் வேறொன்றை வைத்து, திரும்பப் பூட்டி, டைமிங் செயினைச் சரியாக உட்கார வைத்து, மறுபடி அளக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குக் கணக்கில் ஒரு கூட்டல் தப்பினால் மொத்தமும் திரும்பவும். ஆனால் ஆல்ஃபாவுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அந்த இடைவெளி லேசில் மாறுவதில்லை. குளிர்காலத்தில் கராஜில் நிதானமாகச் செய்து முடிக்கும் ஒழுக்கம் உங்களுக்கு இருந்தால், சனிக்கிழமை ராத்திரி அந்த மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை. எங்களுக்கு அந்த ஒழுக்கம் இல்லை.

கார்பரேட்டரிலும் இதே குணபேதம்தான். எம்ஜிபியில் எஸ்யூ வகை கார்பரேட்டர் இரண்டு. உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூராகச் சரியும் ஊசி, ஒரே ஒரு ஜெட். காற்று இழுக்க இழுக்கப் பிஸ்டன் எழும்பும், ஊசியும் கூடவே எழும்பும், பெட்ரோல் தானாகக் கூடும். 240இசட்டின் ஹிடாச்சி கார்பரேட்டர்களும் அதே தத்துவம். ஆல்ஃபாவின் இரட்டை வெபர் கார்பரேட்டரில் சிலிண்டருக்கு ஒரு குழாய், ஒவ்வொன்றுக்கும் மெயின் ஜெட், ஏர் ஜெட், எமல்ஷன் ட்யூப், ஐடில் ஜெட் என்று ஒரு பெட்டி நிறைய பித்தளைச் சில்லறை. அது சரியாக அமைந்துவிட்டால் அந்த இழுப்புக்கும் சத்தத்துக்கும் ஈடு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். எஸ்யூவிலும் முட்டாள்தனத்துக்கு இடமுண்டு. மேலே உள்ள டேம்பரில் கொஞ்சம் ஆயில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் என்ஜின் திக்கும். நாங்கள் அதில் ஆயில் ஊற்ற மறந்துவிட்டு, இக்னிஷன் டைமிங்தான் கோளாறு என்று முடிவு கட்டி, டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு மணி நேரம் அங்கும் இங்கும் திருகிக்கொண்டிருந்தோம். ஒரு ஸ்பூன் ஆயிலில் தீர்ந்த விஷயம்.

இதுவரை எம்ஜிபி புராணமாகவே போகிறது, அதனால் அது தோற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும்: கிளட்ச். எம்ஜிபியில் கிளட்ச் மாற்ற என்ஜினையே இறக்க வேண்டும். கிரேன் இல்லாவிட்டால் கதை முடிந்தது. ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸ் மேல் இருக்கும் உறையைக் கழற்றி, கார் உள்பக்கமாகவே கியர்பாக்ஸை வெளியே எடுத்துவிடலாம். 240இசட்டில் அடியில் படுத்துக்கொண்டு கீழே இறக்கலாம், நெஞ்சில் விழாமல் இருக்க ஒரு ஆள் வேண்டும். எம்ஜிபியின் ரிலீஸ் பேரிங் வெறும் கார்பன் வளையம், கிரிட்டில் கொடிக்காகக் காத்துக்கொண்டு பெடலை மிதித்தபடியே நின்றால் தேய்ந்துகொண்டே இருக்கும். ஸ்பிட்ஃபயரிலும் அப்படி நிற்கக்கூடாது, காரணம் மட்டும் வேறு. கிளட்சை அழுத்தும்போது, பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டான கிராங்க்ஷாஃப்ட் முன்னால் தள்ளப்படுகிறது, அந்தத் தள்ளலைத் தாங்குவது பாதி வட்ட வடிவில் இருக்கும் இரண்டு சின்ன த்ரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்து கழன்று, என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பில் விழுந்தால், கிராங்க் நேராக என்ஜின் பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். முன்புறப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்கும்போதே செய்ய வேண்டிய பரிசோதனை.

ஸ்பிட்ஃபயரின் பெரிய வரம் அதன் முன்பக்கம். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம், சஸ்பென்ஷன் முழுக்கக் கண்ணெதிரே இருக்கும். சேஸி தனி, பாடி தனி என்பதால் துருப் பிடித்தாலும் பயம் குறைவு. அப்புறம் ஏன் எல்லாரும் அதையே வாங்குவதில்லை? பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்விங் ஆக்ஸில் (சக்கரம் ஏறி இறங்கும்போது அதோடு சேர்ந்து சாயும் ஆக்ஸில்), குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங் (பட்டைத் தகடு ஸ்பிரிங்). வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் காரின் பின்புறம் எழும்பி, சக்கரம் உள்பக்கமாக மடங்கும், பிடிப்பு ஒரேயடியாகப் போகும். புதிதாக ஓட்டுபவர் பயந்தால் முதலில் செய்வது எது? காலை எடுப்பதுதான். அதாவது எந்த நேரத்தில் கார் மன்னிக்க வேண்டுமோ அந்த நேரத்தில்தான் இது கழுத்தறுக்கிறது. 1970-இல் வந்த மார்க் 4-இல் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றி இதைப் பெருமளவு அடக்கினார்கள். பழைய மாடலையும் தாழ்த்தி, சக்கரத்துக்கு நெகடிவ் கேம்பர் (மேல்பக்கம் உள்ளே சாய்ந்த நிலை) கொடுத்து ரேஸ் ஓட்டுகிறார்கள், 1965-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் போட்டியில் 13-ஆம் இடமும் தன் வகுப்பில் முதலிடமும் வாங்கிய கார் இது. ஓட்டத் தெரிந்த கையில் பிரமாதம்.

இன்னொன்று, இது பலரைக் கவிழ்த்த விஷயம்: ஸ்பிட்ஃபயரின் முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியனுக்குள் போக வேண்டியது கெட்டியான கியர் ஆயில். கிரீஸ் அல்ல. அங்கே நிப்பிள் மாதிரி ஒன்று இருப்பதைப் பார்த்ததும் நல்ல மனதோடு கிரீஸ் கன்னை மாட்டிவிடுவார்கள். கிரீஸ் உள்ளே மரைவரை போகாது, துரு பிடிக்கும், ஒருநாள் மேலே உள்ள இரும்புத் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும்.

எம்ஜிபியின் பின்பக்கம் லைவ் ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் விறைப்பான ஒரே ஆக்ஸில்), லீஃப் ஸ்பிரிங், மாட்டுவண்டித் தொழில்நுட்பம் என்று கிண்டல் செய்யலாம். ஆனால் வழுக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வழுக்கும். ஆல்ஃபாவிலும் லைவ் ஆக்ஸில்தான், அதைக் காயில் ஸ்பிரிங்கும் ட்ரெயிலிங் ஆர்மும் வைத்து எவ்வளவு அழகாகக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள் என்பதை ஒரு வளைவு போய்வந்தாலே உணரலாம். நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஐந்து கியர். மற்ற மூன்றிலும் பின்னால் டிரம்தான். ஓட்டுவதற்கு நாலில் எது சிறந்தது என்று கேட்டால் யோசிக்காமல் ஆல்ஃபா என்பேன். சாலையில் போகும்போது இரண்டாம் கியரின் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) முனகும், கியர்பாக்ஸ் சூடாகும்வரை அவசரப்படுத்தக்கூடாது. அதன் அலுமினிய என்ஜின் ஒரு முறை ஓவர்ஹீட் ஆனால் ஹெட் கேஸ்கட், சிலிண்டர் லைனர் உயரம் என்று செலவு சங்கிலியாக வரும். டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்காமல் முன்னால் போகும் காரை மட்டும் பார்க்கும் டிரைவர் உங்கள் டீமில் இருந்தால் ஆல்ஃபா வேண்டாம்.

240இசட் வேறு ஜாதி. அமெரிக்காவில் பிஆர்இ டீமுக்காக ஜான் மார்ட்டன் 1970, 1971 இரண்டு ஆண்டும் எஸ்சிசிஏ என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் சி-ப்ரொடக்‌ஷன் சாம்பியன்ஷிப்பை அடித்தார், கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 1971-லும் 1973-லும் இதே கார் வென்றது. கிராங்க்ஷாஃப்ட்டை ஏழு பேரிங் தாங்குகிறது, அடிப்பகுதி இரும்பு மாதிரி நிற்கும். இரும்புதான், அதனால் தூக்கவும் ஆள் வேண்டும். நீண்ட வளைவில் சம்பில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்காமல் தடுப்புத் தகடு போட வேண்டும், பிரேக்குக்குக் காற்று வழி செய்ய வேண்டும். பிளக், பிஸ்டன், வால்வு எதை எடுத்தாலும் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு. பேட்டரிக்குக் கீழே, முன் ரெயிலுக்குள் என்று துரு ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும்விட மனத்தடை ஒன்று. இப்போது சேகரிப்பாளர்கள் துரத்தும் கார் இது, ஒழுங்கான ஒன்றைப் பிடித்து ரோல் கேஜுக்காக (கார் கவிழ்ந்தால் டிரைவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) தகரத்தை வெட்டுவதற்கு எனக்குக் கை வராது.

முட்டிமோதிய பிறகு என்ன ஆகும் என்பதில்தான் எம்ஜிபி மறுபடி முன்னுக்கு வருகிறது. ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது, அதனால் உதிரிபாகம் பஞ்சமில்லை, போதாதென்று 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புத்தம்புது பாடி ஷெல்லையே அடித்துத் தருகிறது. 1963 லே மானில் ஹாப்கிர்க்கும் ஹட்சிசனும் ஓட்டிய எம்ஜிபி ஆரம்பத்திலேயே மணலில் புதைந்தது. ஹட்சிசன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தோண்டி அதை வெளியே எடுத்தார். அப்படியும் 12-ஆம் இடம், வகுப்பில் முதலிடம். கார் தேர்வுக்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

விதிமுறை பக்கம் சுருக்கமாக. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் அப்பெண்டிக்ஸ் கே (பழைய கார்களுக்கான விதித் தொகுப்பு) படி நடக்கும் போட்டி என்றால் கார் அந்தக் காலத்து அமைப்பிலேயே இருக்க வேண்டும், அதற்கான தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டும் வேண்டும். அதனால் எந்தப் போட்டி என்று முடிவு செய்துவிட்டுக் காரைத் தேடுங்கள், எதிர்த்திசையில் போனால் வாங்கிய காரைப் பின்னோக்கி மாற்றுவதிலேயே ஒரு வருடம் போகும். பெல்ட், ஹெல்மெட், தீயணைப்பு இதெல்லாம் நாலு காருக்கும் ஒன்றுதான். பிரேக் ஆயிலை ரேஸுக்கு ரேஸ் மாற்றுவதும், கேம் தேயாமல் இருக்கத் துத்தநாகம் கூடுதலாக உள்ள என்ஜின் ஆயில் ஊற்றுவதும் அப்படியே.

என் வரிசை இது. முதல் கார் என்றால் எம்ஜிபி. டீமில் பொறுமைசாலி ஒருவர் இருந்து, குளிர்காலத்தில் கராஜ் கதவைத் திறப்பவர்களாகவும் நீங்கள் இருந்தால் ஆல்ஃபா. டிரைவர் ஏற்கெனவே நன்றாக ஓட்டுவார், கைச்செலவு மட்டும் கம்மி என்றால் ஸ்பிட்ஃபயர், அதிலும் மார்க் 4. இரண்டு மூன்று சீசன் வேறு காரில் அடிபட்ட பிறகு 240இசட்.

எம்ஜிபியிலும் எல்லாம் ஒன்றல்ல. 1964 வரை வந்தவற்றில் கிராங்க்குக்கு மூன்று பேரிங்தான், அதன்பின் ஐந்து. ஐந்தைத் தேடுங்கள். 1974 கடைசியிலிருந்து வந்த ரப்பர் பம்பர் கார்கள் உயரம் கூடியவை, தாழ்த்தும் வேலை தனியாக வரும். கம்பிச் சக்கரம் அழகுதான், ஆனால் அதன் பல்வரிசை தேய்ந்திருந்தால் பிரேக் அடிக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், நாலு போல்ட் போட்டு மாட்டும் சக்கரமே ரேஸுக்கு நிம்மதி. பார்க்கப் போகும்போது ஜாக்கியை எடுத்துப் போங்கள். காரின் பின்பக்கத்தை ஒரு ஓரமாகத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு உரசினாலோ மூட மறுத்தாலோ கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் 'சில்' என்ற தகரப் பகுதி செத்துவிட்டது, மேலே எவ்வளவு பளபளப்பாக பெயின்ட் அடித்திருந்தாலும் சரி, ஜாக்கியை இறக்கிவிட்டு வந்துவிடுங்கள்.