ஸ்க்ரீன் ரீடர் வழியே இணைய அட்டவணைகள்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டது

எனக்குப் பார்வை இல்லை. கம்ப்யூட்டரில் எல்லா வேலையும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் துணையோடுதான் நடக்கிறது. அன்றாடம் அதிகம் புழங்குவது அட்டவணைகளில்: வட்டி விகிதம், ரயில் நேரம், மதிப்பெண் பட்டியல். டி விசையைத் தட்டினால் பக்கத்தில் உள்ள அடுத்த அட்டவணைக்குப் போய்விடலாம். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அம்புக்குறிகளை அழுத்தினால் கட்டம் கட்டமாக நகரலாம். இந்த வசதி எனக்கு எவ்வளவு பயன்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் அந்தப் பக்கத்தை எழுதியவர்தான்.

வைப்பு நிதி வட்டி அட்டவணை ஒன்றைப் பாருங்கள். இடப்பக்கம் கால அளவு. மேலே ‘பொது’, ‘மூத்த குடிமக்கள்’ என்று தலைப்புகள். அவற்றை, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில், டிஹெச் எனும் தலைப்புக் கட்டங்களாக எழுதி, எந்த வரிசைக்கு அல்லது நெடுவரிசைக்கு உரிய தலைப்பு என்று காட்டும் ஸ்கோப்பும் கொடுத்திருந்தால், வலப்பக்கம் நகர்ந்ததும் “மூத்த குடிமக்கள், 7.10” என்று கேட்கிறது. ஒரு கட்டம் இறங்கினால் “2 ஆண்டு முதல் 3 ஆண்டு வரை, 7.25”. எதையும் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை. அதே தலைப்புகளை டிடி எனும் சாதாரணத் தரவுக் கட்டங்களில் போட்டு எழுத்தை மட்டும் தடிப்பாக்கியிருந்தால், 6.60, 7.10, 6.75, 7.25 என்று வெறும் எண்கள் ஓடுகின்றன. பார்ப்பவர்களுக்கு இரண்டு அட்டவணையும் ஒன்றுபோலவே தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. டிஹெச் தலைப்பும், அட்டவணைக்குப் பெயர் சூட்டும் கேப்ஷனும் இல்லாத அட்டவணையைப் பக்க அழகுக்காகப் போட்டது என்று பிரவுசர் முடிவுகட்டிவிட்டால், டி விசைக்கு அது அகப்படுவதே இல்லை.

தளம் நடத்துபவர்களிடம் இதைச் சொன்னால், “பக்கங்களை எழுதும் ஸ்டாண்டர்ட் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறதே, ஒரு நிலைக்கு வரட்டும்” என்கிறார்கள். மாறுவது உண்மைதான். 1997 டிசம்பரில் ஹெச்டிஎம்எல் 4 கொண்டுவந்த, அட்டவணைக்குச் சுருக்கம் தரும் சம்மரியும் கட்டங்களை வகைப்படுத்தும் ஆக்சிஸும் 2014இல் ஹெச்டிஎம்எல் 5 வந்தபோது வழக்கொழிந்தவை என்றாகிவிட்டன. ஸ்க்ரீன் ரீடர் போன்றவற்றுக்குக் கூடுதல் தகவல் தரும் ஏரியா விதிமுறையின் 1.1 பதிப்பு, 2017இல் டேபிள், செல் என்ற புதிய ரோல்களை (ஓர் உறுப்பு என்ன வகை என்று சொல்லும் பெயர்கள்) சேர்த்தது. 2019இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, ஹெச்டிஎம்எல்லை பிரவுசர் நிறுவனங்களின் வாட்விஜி குழு எழுதும், தொடர்ந்து திருத்தப்படும் ஆவணத்துக்கே விட்டுக்கொடுத்தது. ஆகவே ‘ஒரு நிலைக்கு வரும்’ நாள் என்று ஒன்று வரப்போவதில்லை. ஆனால் கேப்ஷன், டிஹெச், ஸ்கோப் மூன்றும் இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் அப்படியே இருக்கின்றன. என்விடிஏ எத்தனையோ பதிப்பு மாறியும், நான் பிரவுசரை மாற்றியும், இந்த மூன்றும் ஒழுங்காக உள்ள எளிய அட்டவணை என்னைக் கைவிட்டதில்லை. காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது மொபைலுக்காகச் செய்யும் மாற்றம். திரை சிறிதானதும், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒவ்வொரு வரிசையையும் டிஸ்ப்ளே பிளாக் (தனிப் பெட்டி) ஆக்கி, கார்டு கார்டாக அடுக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் பல பிரவுசர்களில் அந்த ஒரு வரியோடு அட்டவணை என்ற அமைப்பே கலைந்து, நான் மேலும் கீழும் நகர வழியில்லாமல் போனது. குரோம் 2020இல் இதைப் பெரும்பாலும் சரிசெய்தது. எல்லா பிரவுசரிலும் அதை நம்ப முடியாது. குறைப்பார்வை உள்ள நண்பர்கள் கம்ப்யூட்டரிலேயே 400 சதவீதம் பெரிதாக்கிப் படிப்பார்கள். அவர்களுக்கும் அந்த மொபைல் வடிவம்தான் வந்து நிற்கும். இத்தனைக்கும், குறுகிய திரையில் பக்கவாட்டு உருட்டல் கூடாது என்று 2018இல் விதித்த, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த உதவும் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1, தரவு அட்டவணைக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. அட்டவணையைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, அந்தப் பெட்டி மட்டும் பக்கவாட்டில் உருளும்படி விட்டு, கீபோர்டாலும் அதை உருட்ட வழிசெய்தால் போதும். உடைக்கவே வேண்டாம்.

இரண்டடுக்குத் தலைப்புகள் வேறு கதை. ‘3 கோடி ரூபாய்க்குக் கீழ்’ என்ற இணைத்த கட்டம் மேலே, அதன் கீழ் ‘பொது’, ‘மூத்த குடிமக்கள்’. பக்கத்திலேயே ‘3 கோடியும் அதற்கு மேலும்’, அதன் கீழும் அதே இரண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் அதன் தலைப்புகளோடு இணைக்கும் ஐடி, ஹெட்டர்ஸ் கொடுத்து எழுதினால் என்விடிஏ சரியாகவே படிக்கிறது. ஆனால் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்க்கும் நாளில் யாராவது ஒரு ஐடியை விட்டுவிடுகிறார்கள். அன்றிலிருந்து எனக்குத் தவறான தலைப்பு கேட்கிறது. தலைப்பே கேட்காததைவிட இது ஆபத்து, ஏனென்றால் சந்தேகமே வராது. இரண்டு தனி அட்டவணைகளாகப் பிரித்துவிடுங்கள் என்றுதான் கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

தலைப்பை அழுத்தி வரிசையை மாற்றும் அட்டவணைகள் இன்னும் முழுதாகத் தேறவில்லை. வரிசைப்படுத்திய திசையைக் குறிக்கும் ஏரியா-சார்ட் கொடுத்திருந்தால், தலைப்புக் கட்டத்துக்குத் திரும்பி வரும்போது ஏறுவரிசையா இறங்குவரிசையா என்று தெரிகிறது. அழுத்திய நொடியிலேயே சொல்லுமா என்பது பிரவுசருக்குப் பிரவுசர் மாறுகிறது. எந்த வரிசையில் இருக்கிறது என்பதைக் கேப்ஷனிலேயே எழுத்தாகப் போட்டுவிடும் தளங்களில் எனக்கு இந்தக் குழப்பம் வந்ததில்லை.