புது பெயிண்ட் அடிச்ச பழைய டிராக்டர் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க (பெங்களூர் ஆளுங்களுக்கு)

பெங்களூர்ல வேலை பாத்துக்கிட்டே ஊருப்பக்கமோ இங்க சுத்துவட்டாரத்துலயோ கொஞ்சம் நிலம் வச்சுக்கிட்டு, நல்ல பழைய டிராக்டர் ஒண்ணு கெடைக்குமானு தேடுற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க. இத முழுசா படிச்சிட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க. எனக்கு போனது 1,95,000 ரூபா. பணத்த விட வலிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்றேன்.

நான் பீன்யால ஒரு மெஷின் ஷாப்ல இன்ஸ்பெக்ஷன்ல இருக்கேன். சொந்த ஊரு அரூர் பக்கம். எங்க அப்பா ஒரு மாசி பெர்குசன் 1035 வச்சிருந்தாரு. சாயங்காலம் ஏர் ஓட்டி முடிச்சு வந்தா சாப்பாட்டுக்கு முன்னாடி வண்டிதான், சேறு கழுவி, டீசல் துணியால தொடச்சு, கிரீஸ் உள்ள போற வாயான ஒவ்வொரு நிப்பிளுக்கும் கிரீஸ் அடிச்சு, புழுதி காலத்துல ஏர் கிளீனர் கிண்ணத்த கழட்டி ஆயில் மாத்தி, கடைசியா மழைத்தண்ணி எறங்காம இருக்க சைலன்சர் வாயில ஒரு கொட்டாங்குச்சிய கவுத்து வச்சிட்டுதான் உள்ள வருவாரு. வெயில்ல கிடந்து செவப்பு பெயிண்ட் வெளுத்து செங்கல் கலருக்கு வந்துருச்சு, அவரு கை வைக்கிற எடத்துல மட்டும் இரும்பு பளபளனு தெரியும். ஒரு நாள் கூட அதுக்கு மறு பெயிண்ட் அடிக்கல. 2004ல அக்கா கல்யாணத்துக்கு வித்தோம். அன்னையிலேர்ந்து எனக்கு அந்த மாதிரி ஒண்ணு வேணும்னு மனசுல கிடக்குது.

பழைய வண்டிமேல ஆசை இல்லாதவங்களுக்கு இது புரியாது. இந்த மாசி 1960ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச டாஃபே கம்பெனி வண்டி, சிம்ப்சனோட மூணு சிலிண்டர் டீசல் இன்ஜின், அதுல எலெக்ட்ரானிக்ஸ்னு ஒண்ணும் கெடையாது, ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்சவன் எவனும் பிரிச்சு மாட்டலாம், பார்ட்ஸ் இன்னைக்கும் ஜேசி ரோட்ல கெடைக்குது. பின்னாடி கலப்பைய மாட்டுற மூணு பாயிண்ட் லிங்கேஜ் ஹாரி பெர்குசன் கொண்டு வந்தது, இன்னைக்கு ஓடுற அநேகமா எல்லா டிராக்டர்லயும் அதுதான். ஹெச்எம்டினா இந்த ஊர்ல எல்லாருக்கும் வாட்ச்தான் ஞாபகம் வருது, ஆனா அதே கம்பெனி 1971லேர்ந்து ஹரியானா பிஞ்சோர்ல செக்கோஸ்லோவாகியா ஜெட்டர் டிசைன்ல டிராக்டர் போட்டுச்சு, நல்லா வச்சிருந்த 2511 ஒண்ண ஓட விட்டுக் கேட்டா அந்த சத்தமே தனி. ஜிகேவிகே விவசாய யுனிவர்சிட்டில நடக்குற கிருஷி மேளாக்கு போனா எல்லாரும் புது மாடல் ஸ்டால்ல நிப்பாங்க, நான் விவசாயிங்க ஓட்டிட்டு வந்து வெளிய நிறுத்தியிருக்கிற பழசு எதாவது இருக்கானு தேடிக்கிட்டு இருப்பேன்.

சரி விஷயத்துக்கு வரேன். போன்ல ஒரு விளம்பரம் பாத்தேன், 1035, 1987 மாடல், சிங்கிள் ஓனர், 3,812 மணி நேரம்தான் ஓடியிருக்கு, ஒரிஜினல் கண்டிஷன்னு. கேஆர் புரம் தாண்டி ஓல்டு மெட்ராஸ் ரோட்ல உள்ள தள்ளி ஒரு ஷெட்டு. போனதும் அந்த ஆளு தமிழ்லயே பேசினாரு, அண்ணா நீங்க தருமபுரியா, எங்க அம்மா கிருஷ்ணகிரிதாண்ணா, நம்ம ஆளுங்களுக்கு நான் தப்பான வண்டி குடுப்பனான்னாரு. இந்த ஊர்ல ஒருத்தன் வாயிலேர்ந்து நம்ம ஊரு தமிழ் வந்தா மனசு எப்படி எளகும்னு உங்களுக்கே தெரியும், எனக்கும் எளகுச்சு. வண்டி நெத்தில குங்குமம் வச்சு செவசெவனு நிக்குது. உங்களுக்காக இப்பதான் கழுவி ஒரு ரவுண்டு ஓட்டி வச்சேன்னு சொல்லி சாவி போட்டாரு, ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆயிருச்சு, புகையே இல்ல. 25,000 அட்வான்ஸ், அடுத்த வாரம் மீதி 1,70,000. சர்ஜாபுரா பக்கம் கூட வேலை பாக்குறவரோட தென்னந்தோப்புல லாரியில கொண்டு வந்து எறக்கினோம்.

மறுநாள் காலையில ஸ்டார்ட் ஆகல. பேட்டரி எறங்குற அளவுக்கு செல்ஃப் அடிச்சு, இன்னொரு பேட்டரி மாட்டி எப்படியோ ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை தோப்பு முழுக்க. மாலூர்ல முப்பது நாப்பது வருஷமா டிராக்டர் மட்டுமே பாக்குற ஒரு பாய் இருக்காரு, அவர வரச்சொன்னேன். ஆயில் குச்சிய உருவி ரெண்டு விரல்ல தேச்சு பாத்துட்டு, தம்பி இதுல கியர் ஆயில் கலந்திருக்காங்கன்னாரு. பிஸ்டன் ரிங் தேஞ்ச இன்ஜின்ல கெட்டி ஆயில் ஊத்தி, சூடு பண்ணி வச்சிட்டா ஒரு மணி நேரத்துக்கு கம்ப்ரெஷன் இருக்கிற மாதிரி நடிக்கும், புகையும் அடங்கும். ஆயில் ஊத்துற மூடிய தொறந்து காமிச்சாரு, பேக் கம்ப்ரெஷன், அதாவது ரிங்க தாண்டி கசியுற புகை, குபுகுபுனு வெளிய தள்ளுது, மூடியே நிக்கல.

அப்புறம் கிரீஸ் நிப்பிள். ஒவ்வொண்ணுமேலயும் பெயிண்ட், ஓட்டையே அடைச்சிருக்கு, அப்படினா பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம் ஒரு சொட்டு கிரீஸ் ஏறல. ரப்பர் பைப் மேலயும் பெயிண்ட். சேஸிஸ்ல செவப்ப சுரண்டினா அடியில மஞ்சள். சைடுல நாலு ஓட்டை, ஒரிஜினல்ல இல்லாதது, பட்டி வச்சு மூடியிருக்காங்க. பாய் அத பாத்ததும் சொல்லிட்டாரு, இது ஏர் ஓட்டின வண்டியே இல்ல தம்பி, கல்லுடைக்க கம்ப்ரெஸர் மாட்டின வண்டின்னு. கம்ப்ரெஸர் வண்டி நின்ன எடத்துலயே பிடிஓல, அதாவது வெளி மெஷின ஓட்டுற பின்பக்க ஷாஃப்ட்ல, நாள் முழுக்க ஓடும், அதனால கிளட்ச் பெடல், டயர் எல்லாம் தேயாம நல்லா தெரியும், இன்ஜின் மட்டும் செத்துக்கிட்டே இருக்கும். நான் பெடல் ரப்பர் தேயலையேன்னு பாத்துதான் 3,812ஐ நம்பினேன். கணக்கு போட்டு பாத்திருந்தாலே போதும், வருஷத்துக்கு 300 மணி நேரம்னு வச்சாலும் 35 வருஷத்துக்கு 10,500 வந்துருது. அந்த மீட்டர் கேபிள்ல ஓடுறது, கேபிள கழட்டிட்டா நின்னுரும், மீட்டரையே மாத்தினா நம்பரும் மாறிரும்.

இன்ஜின் நம்பர பாத்தப்பதான் எனக்கு கையெல்லாம் நடுங்குச்சு. தினமும் பன்ச் மார்க் பாக்குறது என் வேலை. அந்த எடத்துல கிரைண்டர் போட்டு தேச்சிட்டு மறுபடி அடிச்சிருக்காங்க, ஒரு எழுத்து ஆழமா, ஒரு எழுத்து மேலாக, கடைசி ரெண்டு எண் ஆர்சில இருக்கிறதோட சேரவே இல்ல. ஆர்சி ரினியூவலும் முடிஞ்சு போயிருக்கு. 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும்ல, அத யாரும் பண்ணல. தமிழ்நாட்டு வண்டி, வேற மாநிலத்துக்கு மாத்த வேண்டிய என்ஓசி கெடையாது, இப்படி இருந்தா பேர் மாத்துற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கி என்ன பிரயோஜனம்.

வலிக்கிறது எதுன்னா, இந்த வண்டில ரெண்டு பொருள் மட்டும் நெசமா நல்லா இருந்துச்சு. ஸ்டீரிங் வீலும் சீட்டும். வீல்ல கை புடிக்கிற எடம் வழுவழுனு தேஞ்சு, சீட்டு அடிப்பக்கம் ஒரிஜினல் பெயிண்ட் அப்படியே இருக்கு, துரு இல்ல. யாரோ ஒரு விவசாயி எங்க அப்பா மாதிரி வருஷக்கணக்கா தொடச்சு வச்ச வண்டிய பிரிச்சு, பாடிய காயலான் கடைக்கு போட்டுட்டு, கண்ணுல படுற பொருள மட்டும் இதுல மாட்டியிருக்காங்க. ஒரு நல்ல வண்டிய கொன்னுதான் இந்த பொய் வண்டிய பண்ணியிருக்காங்க.

அதனால சொல்றேன், பெயிண்ட் வெளுத்த வண்டினா வெல கொறைக்காதீங்க, வெளுத்து போயும் நிப்பிள் சுத்தமா கிரீஸோட இருந்தா இருபதாயிரம் சேத்தே குடுக்கலாம். சொல்லாம கொள்ளாம காலையில ஆறு மணிக்கு போங்க, சாவி போடுறதுக்கு முன்னாடி இன்ஜின் பிளாக்ல கை வைங்க, சூடு இருந்தா அப்படியே திரும்பி வந்துருங்க. ஓடும்போது ஆயில் மூடிய தொறந்து பாருங்க. கலப்பை மாட்டுற கீழ் லிங்க் ஓட்டைய அளந்து பாருங்க, சின்ன டிராக்டர்ல அது 22 மில்லிமீட்டர் சொச்சம், அதவிட பெருசா முட்டை மாதிரி இருந்தா தேஞ்சு போன வண்டி. கலப்பைய தூக்கி வச்சு இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஒரு டீ குடிங்க, அதுக்குள்ள தரையில உக்காந்துருச்சுனா லிஃப்ட் போச்சு. ஆர்சி நம்பர அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல போட்டு பாக்குறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது.

திரும்ப அந்த ஷெட்டுக்கு போனேன். பழைய வண்டினா அப்படித்தாண்ணா இருக்கும்னு ஆரம்பிச்சவரு, நம்பர் விஷயத்த எடுத்ததும் தமிழே தெரியாத மாதிரி கன்னடத்துல பேச ஆரம்பிச்சிட்டாரு. எனக்கும் கன்னடம் வரும், அதுலயே கேட்டேன், பதில் இல்ல. ஸ்டேஷன்ல நம்பர் அழிச்சதுக்கு எழுதி குடுத்து ரசீது வாங்கியிருக்கேன், மாவட்ட நுகர்வோர் கமிஷன்லயும் போடப் போறேன், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். அதுவரைக்கும் வண்டில எதையும் தொடாதன்னு பாய் சொல்லியிருக்காரு. போன வாரம் மழை, தோப்புக்கு போயி சைலன்சர் வாயில ஒரு கொட்டாங்குச்சிய கவுத்து வச்சிட்டு வந்தேன். என்ன இருந்தாலும் அதுவும் ஒரு மாசி.

முந்தாநாள் அதே ஷெட்டு சுவரு பின்னாடி தெரியுற மாதிரி புதுசா ஒரு விளம்பரம் பாத்தேன், போன் நம்பர் மட்டும் வேற. இந்த தடவை ஃபோர்டு 3600, சிங்கிள் ஓனர், 4,100 மணி நேரமாம். நீலம் சும்மா கண்ண பறிக்குது, போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன், முன் ஆக்ஸில் கிரீஸ் நிப்பிள் வரைக்கும் நீலமா இருக்கு.