சுங்கை சிப்புட்டில் ஒரு டிவிடி கடை, அதில் ஒரு ரேக் முழுக்கப் போலீஸ் படம்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், அங்கே பஸ் நிலையத்துக்குப் பின் வரிசையில், பூக்கடையைத் தாண்டினால் வரும் கடை. வெளியே இருந்து பார்த்தால் ரீலோட், போன் கவர், ஊதுபத்தி விற்கிற இடம் மாதிரிதான் இருக்கும், நானே இரண்டு வருடம் அப்படி நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். உள்ளே போய் இடது பக்கம் திரும்பினால் சுவர் முழுக்க டிவிடி. அதில் கடைசி ரேக்கைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இந்தக் காலத்தில் யார் டிவிடி வாங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்துப் பக்கம் நல்ல மழை பெய்தால் இன்டர்நெட் லைன் போய்விடும், படம் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும், துரத்தல் படத்தில் கொலைகாரன் கதவுக்குப் பின்னால் நிற்கிற நேரத்தில் அப்படி நின்றால் படமே செத்துவிடும். அப்புறம் அப்பா. அவருக்கு ரிமோட்டில் எழுத்துத் தேடி எல்லாம் படம் போட வராது. டிஸ்க் என்றால் அவரே போட்டுக்கொள்வார்.

அந்த ரேக்கில் குற்றவாளியைத் தேடிப் பிடிக்கிற படங்கள் மட்டும். மற்ற கடைகளில் நடிகர் பெயர் வாரியாக அடுக்குவார்கள், இங்கே கடைக்கார அண்ணன் குற்றவாளி எப்படி மாட்டுகிறான் என்பதை வைத்து அடுக்கியிருக்கிறார். மேல் தட்டில் விசாரித்தே பிடிக்கிற படங்கள், நடுத்தட்டில் ஊர் ஊராகத் துரத்துகிற படங்கள், கீழே சுட்டுத் தள்ளுகிற படங்கள். கீழ்த்தட்டைக் கேட்டால் எடுத்துத் தருவார், ஆனால் அவராக ஒரு தடவைகூட அதை நீட்டியதில்லை. எனக்கு அந்தக் கடையைப் பிடித்துப்போனது அதனால்தான். துப்பாக்கி கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான், அதுவரைக்கும் நடக்கிற நடைதான் படம் என்று நானும் நினைக்கிறேன்.

முதல் தடவை போனபோது "யாரோட உட்கார்ந்து பார்ப்பீங்க தங்கச்சி?" என்று கேட்டார். அப்பாவோடு என்றேன். என் கையில் 'ராட்சசன்' இருந்தது. அதை வாங்கி வைத்துவிட்டு, "இதுல பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொல்றான், பெரியவருக்கு மனசு தாங்காது, நீங்க தனியா பாருங்க" என்று சொல்லி 'தீரன் அதிகாரம் ஒன்று' எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் டிஸ்க்கை வெளியே எடுத்து, விளக்குக்கு நேராகச் சாய்த்துக் கீறல் பார்த்து, கண்ணாடி துடைக்கிற துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாகத் துடைத்தார். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு போய்ப் படம் நின்றுவிடுமாம். மேசையில் ஒரு சின்ன பிளேயர் இருக்கிறது, அதில் போட்டு மூன்று இடத்தில் ஓட்டிக் காட்டினார். பழைய டிஸ்க், ஐந்து வெள்ளி (ரிங்கிட்). ஐந்து வெள்ளிக்கு யார் இவ்வளவு செய்வார்கள்?

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் செம்பனைத் தோட்டத்தில் இரவு ஜாகா, அதாவது காவல்காரர். குலை திருட்டுக்கு ராத்திரி ராத்திரியாக டார்ச் விளக்கோடு அலைந்தவர். ஈர மண்ணில் லோரி டயர் தடத்தைப் பார்த்தே பாரம் ஏற்றிப் போனதா, வெறும் வண்டியா என்று சொல்லிவிடுவார், பாரம் ஏற்றியிருந்தால் தடம் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் என்பார். 'தீரன்' 2017ல் வந்த படம், வினோத் இயக்கி கார்த்தி நடித்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் புகுந்து கொன்று கொள்ளையடித்து லோரியில் தப்பிக்கிற கும்பலைத் தமிழ்நாட்டுப் போலீஸ் வடக்கே பல மாநிலம் தேடிப் போன உண்மைச் சம்பவம். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் வீட்டிலேயே கொல்லப்பட்ட பிறகு, ஜாங்கிட் என்ற அதிகாரியின் தலைமையில் அந்தத் தேடல் வேகம் பிடித்தது. படத்தில் கைரேகை இருக்கும், அது யாருடையது என்று மட்டும் தெரியாது. அந்த இடத்தில் அப்பா நாற்காலியில் இருந்து முன்னால் நகர்ந்து, "தடம் இருக்கு, ஆளு இல்ல. அதுதான்டா கொடும" என்றார். முதல் பாதியில் வருகிற காதல் காட்சிகளை இரண்டு பேருமே ஓட்டிவிட்டோம்.

படத்தைத் திருப்பிக் கொண்டுபோனபோது (திருப்பிக் கொடுத்தால் இரண்டு வெள்ளி கழித்து அடுத்த படம் தருவார்) ஒரு குறையைச் சொன்னேன். ஒரு கூட்டமே பிறப்பால் கொள்ளைக்காரர்கள் என்பது போல் படம் பேசுகிறது, 1871ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டமும் அதைத்தானே சொன்னது? இங்கே நம் பையன்கள் நாலு பேர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்தாலே குண்டர் கும்பல் என்று பார்க்கிறார்கள், அதனால் எனக்கு அது உறுத்துகிறது. அண்ணன் மறுத்துப் பேசவில்லை. ரேக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த 'ஜகாட்' போஸ்டரைக் காட்டினார். சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த நம் நாட்டுப் படம், 2015. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன் எப்படிக் குண்டர் கும்பல் பக்கம் இழுபடுகிறான் என்ற கதை, 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது வாங்கியது. டிஸ்க் அவரிடம் இல்லை, ஆனால் "துரத்துறவன் கதையை நாலு பார்த்தா, ஓடுறவன் கதையை ஒண்ணாவது பாக்கணும்" என்று வருகிற எல்லாரிடமும் அந்தப் போஸ்டரைக் காட்டுகிறாராம்.

அன்றைக்குப் பேச்சு கொள்ளைக்காரன் போத்தாக் சின் பக்கம் போனது. எழுபதுகளில் கோலாலம்பூரையே நடுங்க வைத்தவன், அவனைத் தேடிய நம் போலீஸ் அதிகாரி குலசிங்கம் 1975ல் அந்தக் கும்பலின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் தப்பியவர். 1976 பிப்ரவரியில் பிடிபட்டான், 1981ல் தூக்கு. அதைத் தமிழில் ஒழுங்காக ஒரு படமாகப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

குறைகளும் உண்டு. பல டிஸ்க்கில் மலாய், ஆங்கில வசன வரி கிடையாது, தமிழ் தெரியாத மருமகளோடு உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். கவருக்குள் வேறு படம் இருந்து ஒரு முறை ஏமாந்தேன். பிறகு தனியாகப் பார்க்க வாங்கிய 'ராட்சசன்' ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நின்றுவிட்டது, அன்று கடையில் அண்ணன் இல்லாமல் அவர் மகன்தான் ஓட்டிப் பார்க்காமல் கொடுத்தான். மறுநாள் போனதும் ஒரு கேள்வி கேட்காமல் வேறு டிஸ்க் மாற்றித் தந்தார், அது சரி, ஆனால் கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தேன். வண்டி நிறுத்த இடம் கிடையாது, சனிக்கிழமை பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போட்டால் நடந்துதான் போக வேண்டும்.

ஈப்போவுக்குப் போய்த் தியேட்டரில் பார்க்கிற செலவுக்கு இங்கே நாலு படம் எடுக்கலாம். காலை பத்தரைக்கு மேல்தான் திறப்பார், திங்கள் விடுமுறை. மேல் தட்டில் இருந்து தொடங்குங்கள். 1954ல் எஸ்.பாலச்சந்தர் எடுத்த 'அந்த நாள்' அங்கே இருக்கிறது, பாட்டே இல்லாத படம், ஒரு கொலை, அதைப் பற்றி ஆளுக்கொரு கதை. சின்ன வயதில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தாராம் அப்பா, எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலமாக மாறித் தெரிந்ததாம். இந்த வாரம் அதைத்தான் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், முன்பக்கம் உட்கார வைத்துக் காட்டப் போகிறேன்.